கடல்கட்டி முதல் காப்பீட்டுப் பத்திரம் வரை

கடலுக்குள் முழுகுபவனின் உயிருக்குப் பொறுப்பு யார்? இவ்வினாவுக்கு வரலாறு தந்த விடைகளைத் திரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பழம்பொருள் ஆராயும் ஆவல் மட்டும் இதற்குக் காரணமன்று. முன்பு முத்துக்கும் சங்குக்கும் மட்டுமே கடலில் முழுகிய நம்மவர், இன்று விடுமுறைக்காகவும் முழுகுகின்றனர். அந்தமானுக்கும் மாலத்தீவுக்கும் தாய்லாந்துக்கும் செல்லும் இளைஞர்கள் முதுகில் காற்றுக்கலனைக் கட்டிக்கொண்டு பவளப்பாறைகளைக் கண்டு மீள்கின்றனர். பயணச்சீட்டு வாங்கும்போதே சில நூறு ரூபாய்க்குப் பயணக் காப்பீடும் கிடைத்துவிடுகிறது. கையில் பத்திரம் இருக்கிறது, நேர்வதை அது பார்த்துக்கொள்ளும் என்னும் நம்பிக்கையும் கூடவே வந்துவிடுகிறது. அந்நம்பிக்கையின் எல்லை எது என்பதை அறிய, காப்பீடு என்னும் ஏற்பாடு எதைக் காக்கப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சரக்குக்குக் கிடைத்த காவல்

கடல் இடரைப் பணத்தால் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் மிகத் தொன்மையானது. கௌடலியரின் அர்த்தசாத்திரம், கடல் கடந்து வாணிகம் செய்வோர்க்குக் கொடுக்கும் கடனுக்கு மாதம் நூற்றுக்கு 20 என வட்டி வகுக்கிறது. காட்டுவழி செல்வோர்க்கு அது 10. சாதாரண வாணிகர்க்கு 5. இடர் மிகுந்தால் வட்டியும் மிகும் என்னும் கணக்கு அது. வியன்னாவில் பாதுகாக்கப்படும் முசிறிப் பாப்பிரசு, கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 1985இல் பதிப்பிக்கப்பட்டது. நம் முசிறித் துறைக்குச் சென்று மீளும் வாணிகப் பயணத்துக்குப் பெற்ற கடனைப் பற்றிய ஒப்பந்தம் அதன் ஒரு பக்கத்தில் உள்ளது. மறுபக்கத்தில் ‘எர்மபொல்லோன்’ என்னும் கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு கணக்கிடப்பட்டுள்ளது. இத்தகைய கடன்களில் கப்பல் மூழ்கினால் கடனும் மூழ்கும் என்பதே உரோமானிய நெறி. கடன் கொடுத்தவர் இழப்பை ஏற்பார். அதற்கு விலையாகவே வட்டி உயர்ந்திருக்கும். பின்னாளைய காப்பீட்டின் வித்து இதுவெனலாம்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிளகுக்கும் தந்தத்துக்கும் மதிப்புண்டு; அவற்றை ஏற்றிவந்த மாலுமியின் உயிருக்கு அக்கணக்கில் இடமில்லை.

முழுகுபவனைத் தனியே எண்ணிப் பார்த்த பழைய சட்டம் ஒன்றும் உண்டு. பைசாந்தியப் பேரரசில் வழங்கிய ‘உரோடியக் கடற்சட்டம்’, மூழ்கிய பொருளை மீட்டவனுக்கு ஆழத்தைக் கொண்டு கூலி வகுத்தது. ஒரு முழ ஆழமாயின் பத்தில் ஒரு பங்கு. எட்டுப் பாகமாயின் மூன்றில் ஒரு பங்கு. பதினைந்து பாகமாயின் சரிபாதி. ஆழத்தின் ஆபத்தே பங்கு உயரக் காரணம் என்று அச்சட்டம் வெளிப்படையாகவே கூறுகிறது. ஆபத்தை அறிந்திருந்தனர், அதற்கு விலையும் வைத்தனர். ஆனால் அவ்விலை பொருளுடன் மேலே வந்தவனுக்கு மட்டுமே உரியது. வாராதவன் வீட்டாருக்கு அச்சட்டம் பங்கு வகுக்கவில்லை.

பதினேழாம் நூற்றாண்டிலும் நிலை பெரிதும் மாறவில்லை. பிரான்சின் 1681ஆம் ஆண்டுக் கடற்சட்டம் மனித உயிரைக் காப்பீடு செய்வதையே தடை செய்தது. கடற்கொள்ளையரிடம் சிறைப்பட்டால் மீட்பதற்கான தொகையை மட்டும் காப்பீடு செய்ய இசைந்தது. இங்கிலாந்திலோ, சரக்குக் கூலியே மாலுமியின் ஊதியத்துக்குத் தாய் என்றொரு கோட்பாடு வழங்கிற்று. கப்பல் அழிந்து சரக்குக் கூலி வாராதொழிந்தால், உயிர் பிழைத்த மாலுமிக்கும் ஊதியமில்லை. இக்கொடுமை 1854ஆம் ஆண்டின் வணிகக் கப்பற் சட்டத்தால்தான் நீங்கியது. ஆக, சரக்கையும் கலத்தையும் காக்கப் பிறந்த ஏற்பாட்டுக்குள் மனிதன் மிகப் பிந்தியே நுழைந்தான்.

கடல்கட்டியின் ஒப்பந்தம்

இனி நம் கடலுக்கு வருவோம். மதுரைக்காஞ்சி பாடும் கொற்கை முத்தைக் கடலிலிருந்து எடுத்தவர் யார்? ‘எரித்திரியக் கடற்செலவு’ என்னும் கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூல், பாண்டியருக்குரிய கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக்குளிப்பு நடந்ததாகக் குறிக்கிறது. கைதியின் உயிருக்குக் காவல் வேண்டும் என்று எவரும் கருதியிருக்க மாட்டார்.

கூலிக்கு முழுகுவோர் வந்தபின் நிலை வேறாயிற்று. அவர்களை அச்சமின்றி நீரில் இறக்க ஓர் உறுதி தேவைப்பட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ அவ்வுறுதியை விவரித்துள்ளார். பெருமீன்கள் முழுகுவோரைத் தீண்டாதிருக்க மந்திரம் செய்வோர் உடன் அமர்த்தப்பட்டனர். முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு மந்திரம் செய்தவருக்கு. அம்மந்திரம் பகற்பொழுதுக்கு மட்டுமே செல்லும். மாலையில் அதை அவர்களே அவிழ்த்துவிடுவர். இரவில் மீன்கள் தம் விருப்பப்படி திரியலாம். அதனால் இரவில் களவாக முத்தெடுக்கவும் எவரும் துணியார்.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டால் இதன் உள்ளமைப்பைக் காணத் தவறுவோம். கட்டணம் உண்டு: நூற்றுக்கு ஐந்து. காலவரையறை உண்டு: விடியல் முதல் அந்தி வரை. இன்ன ஆபத்துக்கு மட்டும் என்னும் வரையறையும் உண்டு: சுறா முதலிய பெருமீன்கள். முதலாளியின் நலனைக் காக்கும் விதியும் உண்டு: இரவுக் களவுக்குக் காவலில்லை. இன்றைய காப்பீட்டுப் பத்திரத்தின் எலும்புக்கூடு முழுவதும் இங்கே இருக்கிறது.

இவ்வாறு மந்திரம் செய்பவரைத் தமிழில் ‘கடல்கட்டி’ என்றனர். கடலைக் கட்டுபவர் என்பது பொருள். பிரித்தானியர் ஆட்சியிலும் மன்னார்ச் சலாபத்தில் கடல்கட்டிக்கு இடமிருந்தது. அவரின்றி முழுகுவோர் நீரில் இறங்க மறுத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் உயர்பதவி வகித்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளிவந்த தம் நூலில் சுவையான செய்தியொன்றைப் பதிவு செய்துள்ளார். அவர் சலாபத்துக்குச் சென்றபோது, பரம்பரைக் கடல்கட்டி நோயுற்றிருந்தமையால் பதிலாள் ஒருவர் வந்திருந்தாராம். மந்திரத்தின் இரகசியம் தமக்குத் தெரியாது என்று அப்பதிலாள் ஒப்புக்கொண்டார். எனினும், உரியவரின் சார்பாகத் தாம் வந்திருப்பதைச் சுறாக்கள் அறிந்து நடந்துகொள்ளும் என்று உறுதியளித்தார். விண்ணப்பத்தில் கையொப்பம் வாங்கும் முகவர், பத்திரத்தின் உட்பிரிவுகளைப் பற்றிக் கேட்டால் அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்று கூறுவதை நாம் இன்றும் கேட்கிறோமல்லவா?

கடல்கட்டியின் எல்லை சுறாவோடு முடிந்தது. மூச்சடக்கி முழுகி முழுகிக் காதும் நுரையீரலும் கெடுவதற்கு அவர் பொறுப்பல்லர். சலாபக் கூடாரங்களில் வாந்திபேதி பரவினால் அதற்கும் பொறுப்பல்லர். கண்ணுக்குத் தெரிந்த பகையான சுறாவுக்கு மந்திரம் இருந்தது. உடலை மெல்ல அரிக்கும் கேட்டுக்கு ஏதுமில்லை. இந்த வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம். பின்வரும் செய்திகள் அனைத்தும் இதைச் சுற்றியே அமைகின்றன.

மேலேறும்போது செலுத்தும் விலை

நீரில் ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அழுத்தப்பட்ட காற்றை மூச்சிழுத்துக்கொண்டு ஆழத்தில் தங்கினால், காற்றிலுள்ள நைட்ரஜன் குருதியிலும் தசையிலும் கரைகிறது. விரைந்து மேலேறினால், சோடாக் குப்பியின் மூடியைத் திறந்தாற்போல் அது குமிழிகளாகப் பொங்குகிறது. மூட்டுவலி, உணர்விழப்பு, பக்கவாதம், சில வேளை மரணம் நேரும். இதுவே அழுத்தநீக்க நோய்.

இந்நோய் மருத்துவருக்கு முதலில் அறிமுகமானது கடலில் அன்று, நிலத்தில். 1841இல் பிரான்சின் ழாக் திரிழே, ஆற்றுமணலுக்கடியில் சுரங்கம் தோண்ட அழுத்தக் காற்று நிரப்பிய இரும்புக் கூண்டைப் பயன்படுத்திய செய்தியை வெளியிட்டார். 1854இல் இரு பிரெஞ்சு மருத்துவர்கள், இவ்வேலையில் ஆபத்து உள்ளே இருப்பதில் இல்லை, விலையை வெளியே வரும்போதுதான் செலுத்த நேர்கிறது என்று எழுதினர். 1870இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிசில் மிசிசிப்பி ஆற்றுப் பாலத்துக்கு அடித்தளம் இட்டபோது பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் இந்நோயால் மாண்டனர். அவர்களைக் கவனித்த மருத்துவர் ஜாமினேயும் முடங்கித் தேறினார். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்லிங், 1872இல் இதனால் தாக்குண்டு நெடுங்காலம் நோயாளியாக வாழ்ந்தார்.

கடலிலும் இதே கதைதான். மூடிய தலைக்கவசமும் காற்றுக்குழாயும் கொண்ட முழுகுடை 1860களில் கிரேக்கத் தீவுகளின் பஞ்சு குளிப்போரிடம் பரவிற்று. மூச்சடக்கி இறங்கியவர் ஓரிரு நிமிடத்தில் மேலே வந்தாக வேண்டும். உடையணிந்தவரோ நெடுநேரம் தங்கலாம். அந்தத் தங்கலே பலரை முடமாக்கியது. கலிம்னோசு தீவில், முடமான முழுகுநரின் தள்ளாட்டத்தை நடித்துக் காட்டும் நடனம் ஒன்று இன்றும் ஆடப்படுகிறது.

பால் பெர் 1878இல் நைட்ரஜன் குமிழியே காரணமென்று நிறுவினார். 1908இல் ஜே. எஸ். ஹால்டேனும் உடன் ஆய்ந்தோரும், எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் தங்கினால் எங்கெங்கே நின்று மேலேற வேண்டும் என்னும் அட்டவணையை வெளியிட்டனர். ஆழ்ந்து முழுகுவோர்க்குக் கிடைத்த முதல் மெய்யான காவல் இதுதான் என்பது நம் கருத்து. இழப்பீடு தரும் காவலன்று இது. இழப்பே நேராமல் தடுக்கும் காவல்.

சட்டம் இதை எப்படிக் கண்டது? அழுத்தக் காற்றில் வேலை செய்வதால் வரும் கேட்டை, நம் நாட்டின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தொழில்சார் நோய்களின் அட்டவணையில் வைத்தது. அதாவது, அது நோய். தனிநபர் விபத்துக் காப்பீடோ ‘விபத்து’ என்பதை, திடீரென, எதிர்பாராமல், புறத்திலிருந்து, கண்ணுக்குப் புலப்படும் வன்முறையான காரணத்தால் நேர்வது என்று வரையறுக்கிறது. உடலுக்குள் மெல்லப் பொங்கும் குமிழி இவ்வரையறைக்குள் அடங்குமா? முழுகுநரின் நோயைத் தனியே பெயர் குறிப்பிட்டு ஏற்காத பத்திரங்களில் இவ்வினா எழுந்தே தீரும். சுறாவுக்கு மந்திரம், குமிழிக்கு மௌனம் என்னும் பழைய நிலை இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது.

பயணிக்குப் பிறந்த பத்திரம்

பயணக் காப்பீடு என்பது கடலில் பிறந்ததன்று, இருப்புப்பாதையில் பிறந்தது. 1849இல் இங்கிலாந்தில் இரயில் பயணிகள் காப்பீட்டு நிறுவனம் தொழில் தொடங்கியது. மூன்று பென்ஸ் கொடுத்த முதல் வகுப்புப் பயணியின் உயிருக்கு 1000 பவுன். ஒரு பென்னி கொடுத்த மூன்றாம் வகுப்புப் பயணியின் உயிருக்கு 200 பவுன். பயணச்சீட்டோடு சேர்த்தே காப்பீட்டுச் சீட்டும் விற்கப்பட்டது. வண்டியில் வெறுமனே அமர்ந்திருக்கும் மனிதனே அப்பத்திரத்தின் நாயகன். ஆபத்தைத் தானே தேடிச் செல்பவனை அது எண்ணிப் பார்க்கவில்லை. இன்றைய பயணப் பத்திரங்களில் பலவும் அம்மரபின் வாரிசுகளே. தொலைந்த பெட்டி, தவறிய விமானம், வெளிநாட்டில் திடீர்க் காய்ச்சல் ஆகியவை அவற்றின் இயல்பான எல்லை. ‘சாகச விளையாட்டுகள்’ என்னும் ஒற்றைத் தொடரால் ஆழ்கடல் முழுக்கை அறவே விலக்கும் பத்திரங்கள் பல.

1943இல் கூஸ்தோவும் கான்யானும் தானியங்கி மூச்சுக் கருவியை உருவாக்கிய பின்னர், முழுகுதல் பொழுதுபோக்காயிற்று. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1980இல் பீட்டர் பென்னட் ஓர் அவசர உதவி அமைப்பைத் தொடங்கினார். முழுகுநருக்கும் அவர்களைக் கண்டறியாத மருத்துவருக்கும் தொலைபேசி வழியே வழிகாட்டுவதே அதன் முதற்பணி. அதுவே பின்னர் ‘டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்’ எனப் பெயர் பெற்று, முழுகுவிபத்துக்கெனத் தனிக் காப்பீட்டையும் ஏற்பாடு செய்தது. இவ்வகைத் தனிக் காப்பீடும் பயணக் காப்பீடும் ஒன்றல்ல. முன்னது அழுத்தநீக்க நோய்க்கு மருத்துவம் தரும். கரையில் வரும் டெங்குவை அது பெரும்பாலும் பொருட்படுத்தாது. பின்னது டெங்குவுக்குத் தரும். குமிழிக்குக் கைவிரிக்கக் கூடும். ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டும் உண்டென எண்ணுவதே பலரும் இடறும் இடம்.

முழுக்கை ஏற்கும் பத்திரங்களும் கோடு கிழித்தே ஏற்கின்றன. முதற்கோடு ஆழம். தொடக்கநிலைச் சான்றிதழ் 18 மீட்டருக்கு. அடுத்த நிலை 30 மீட்டருக்கு. பொழுதுபோக்கு முழுக்கின் பொது எல்லை 40 மீட்டர். பதினெட்டுக்குச் சான்று பெற்றவர் முப்பதில் கிடக்கும் சிதைந்த கப்பலைக் காண இறங்கினால், அந்தப் பன்னிரண்டு மீட்டரில் பத்திரம் அவருடன் வாராமற் போகலாம். உரோடியச் சட்டம் ஆழம் கூடக்கூடப் பங்கைக் கூட்டியது. இன்றைய பத்திரம் ஆழம் கூடினால் கையை எடுத்துக்கொள்கிறது. தனியே முழுகுதல், மது அருந்தி முழுகுதல், தகுதியற்ற வழிகாட்டியுடன் முழுகுதல் ஆகியனவும் பொதுவான விலக்குகள்.

இரண்டாவது கோடு உண்மை கூறல். சுமத்திராவின் பென்கூலன் கோட்டைக்கு எடுத்த காப்பீடு பற்றிய வழக்கில், 1766இல் மான்ஸ்பீல்டு பிரபு, காப்பீடு முழு நன்னம்பிக்கையின் மேல் நிற்பது, தனக்குத் தெரிந்த இடரை மறைத்தல் தகாது என்று விளக்கினார். அவ்வழக்கில் வென்றவர் காப்பீடு எடுத்தவரே. ஆயினும் கோட்பாடு நிலைத்தது. படகேறுமுன் தரும் மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமாவுக்கும் இதயநோய்க்கும் எதிரே பலரும் யோசியாமல் ‘இல்லை’ என்று குறியிடுகின்றனர். உண்மை கூறினால் படகில் ஏற்றமாட்டார்கள் என்னும் அச்சமே காரணம். கோரிக்கை எழும் நாளில் முதலில் எடுத்துப் பார்க்கப்படுவது அந்தத் தாளாகவே இருக்கும்.

மூன்றாவது கோடு வானில் உள்ளது. விமான அறையின் அழுத்தம் ஏறக்குறைய 2400 மீட்டர் மலையுச்சிக்கு நிகராகக் குறையலாம். கடைசி முழுக்குக்கும் விமானத்துக்கும் இடையே, ஒரே முழுக்காயின் குறைந்தது 12 மணி நேரமும், பல முழுக்குகளாயின் 18 மணி நேரமும் வேண்டுமென்பது 2002இல் கூடிய வல்லுநர் கருத்தரங்கின் பரிந்துரை. விடுமுறையின் கடைசிக் காலையிலும் ஒருமுறை முழுகிவிட்டு மாலை விமானத்தைப் பிடிப்போர் இதை மீறுகின்றனர். பணமிழப்பைப் பற்றிப் பேசும் முன் உடலிழப்பைப் பற்றியே பேச வேண்டிய இடம் இது.

பத்திரம் எட்டாத இடம்

எல்லாக் கோடுகளுக்குள்ளும் நின்றவருக்கும் ஓர் எல்லையுண்டு. அழுத்தநீக்க நோய்க்கு மருந்து, மீண்டும் அழுத்தத்துக்குள் வைத்துப் பிராணவாயு அளித்து மெல்ல வெளிக்கொணர்வதே. பெரிதும் பயன்படும் அமெரிக்கக் கடற்படையின் ஆறாம் அட்டவணைப்படி, 18 மீட்டர் ஆழத்துக்கு நிகரான அழுத்தத்தில் தொடங்கி 4 மணி 45 நிமிடம் ஆகும்; பலமுறை தேவைப்படலாம். அதற்கான உயரழுத்த அறை எல்லாத் தீவிலும் இல்லை. நோயாளியை வான்வழி கொண்டுசெல்ல வேண்டுமாயின், தாழப் பறக்கும் அல்லது தரைமட்ட அழுத்தம் காக்கும் விமானம் தேவை. பத்திரம் செலவைத் தரலாம். இல்லாத அறையைத் தர அதனால் இயலாது.

1998 ஜனவரியில் ஆத்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் இரு அமெரிக்கர்களைக் கடலிலேயே விட்டுவிட்டு ஒரு படகு திரும்பிற்று. அவர்கள் இல்லை என்பது அறியப்படவே இரண்டு நாள் ஆயிற்று. உடல்களும் கிடைக்கவில்லை. தலை எண்ணும் ஒருவர் செய்திருக்கக்கூடியதை எந்தக் காப்பீடும் செய்திருக்க முடியாது. படகில் பிராணவாயு உள்ளதா, கரையேறுமுன் பெயர் அழைக்கின்றனரா, அருகில் உயரழுத்த அறை எங்கே என்னும் மூன்று கேள்விகளைப் பத்திரம் வாங்குமுன் கேட்பது அறிவுடைமை.

இறுதியாக, இவ்வரலாறு தொடங்கிய கடலையே மறுபடி நோக்குவோம். மன்னார் வளைகுடாவில் இந்தியப் பக்கத்தின் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோயிற்று. ஆயினும் முழுகுவோர் மறைந்துவிடவில்லை. சங்குக்காக முழுகுவோர் இங்குள்ளனர். கடலட்டைக்காகவும் சங்குக்காகவும் காற்றுக்கலன் கட்டி முழுகுவோர் இலங்கையின் வடகடலில் உள்ளனர். விடுமுறைப் பயணி நாளில் இரண்டு மூன்று முறை முழுகுகிறார். கூலிக்கு முழுகுபவரின் கணக்கைச் சரக்கு தீர்மானிக்கிறது. பயணக் காப்பீட்டுப் பத்திரங்கள் ஊதியத்துக்காக முழுகுவோரைப் பொதுவாக விலக்கியே வைத்துள்ளன. அது பயணிக்கு எழுதப்பட்ட பத்திரம். இவர்களுக்கு எழுதப்பட வேண்டியது வேறு: ஹால்டேனின் அட்டவணையை அவர்கள் மொழியில் கற்பித்தலும், எட்டும் தொலைவில் ஓர் உயரழுத்த அறையும், முடங்கினால் வீட்டுக்குச் சேரும் இழப்பீடும். கடல்கட்டி போனபின் அந்தப் பணியிடம் இன்னும் நிரப்பப்படவில்லை.